சேதராப்பட்டைத் தாண்டினால் கார் மலிவா?

மயிலம் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், அவரைக் கேட்காமலே ஊர் ஒரு யோசனை சொல்லிவிடும். "பாண்டியில எடுத்துடுங்க, அம்பதாயிரம் மிச்சம்." கூட்டேரிப்பட்டு டீக்கடையில் சொல்கிறார்கள், திண்டிவனம் ஒர்க்ஷாப்பில் சொல்கிறார்கள், விழுப்புரத்தில் படித்த வக்கீலும் சொல்கிறார். மாமா சொல்லி மருமகன் கேட்டு, மருமகன் சொல்லி அவன் நண்பன் கேட்டு, கடைசியில் பாண்டியில் வாங்காதவன்தான் ஏமாளி என்ற நிலைமைக்கு இது வந்துவிட்டது. மயிலம் மலை மேல் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கப்படும் புதுக் கார்களில் 'பி.ஒய்.' எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வேடிக்கை பார்ப்பவர் முகத்தில் ஒரு பொறாமை. 'விவரமான ஆளுய்யா.'

அந்த விவரம் தப்பு என்பதுதான் என் வாதம். இந்தப் பக்கத்து ஆள் ஒருவர், இந்தப் பக்கத்திலேயே ஓட்டப்போகும் காருக்குப் பாண்டி எண் வாங்கினால் அவர் காசை மிச்சப்படுத்தவில்லை. கட்ட வேண்டியதைத் தள்ளிப்போடுகிறார், மேலே கொஞ்சம் வட்டியும் சேர்த்து. எண்ணெய்ச் செலவையும் புரோக்கர் செலவையும் நான் அந்த வட்டியில்தான் சேர்க்கிறேன்.

எதிர்த்தரப்புக்கு நியாயமாக ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாண்டியில் பெட்ரோல், டீசல் இன்றும் நம் விலையைவிடக் குறைவு. பெட்ரோலியம் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அந்தந்த அரசு தன் வரியைத் தானே போடுகிறது. அதனால் எல்லையைத் தாண்டிச் சேதராப்பட்டு பக்கம் போகிறவர்கள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவதில் தப்பே இல்லை. ஆனால் இந்த ஒரு உண்மைதான் மற்ற எல்லா நம்பிக்கைக்கும் தாய். பெட்ரோல் மலிவு என்றால் காரும் மலிவாகத்தான் இருக்கும் என்று நம் மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. விற்பனை வரி மாநிலத்துக்கு ஒன்றாக இருந்த நாட்களில் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் ஆதாரமும் இருந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த ஆதாரம் போய்விட்டது. அன்று முதல் காருக்கு நாடு முழுக்க ஒரே ஜி.எஸ்.டி. வரி மாறினாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் மாறும். 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ்ஸும் என்பதிலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. வரிக்கு முந்தைய விலை 6 லட்சமாக இருந்த பெட்ரோல் கார் 7,74,000 ரூபாயிலிருந்து 7,08,000 ரூபாய்க்கு வந்தது. சுளையாக 66,000. அண்மைக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் விலையில் கிடைத்த பெரிய குறைப்பு அதுதான். அதற்கு யாரும் எல்லை தாண்ட வேண்டியிருக்கவில்லை. திண்டிவனத்தில் நின்றவருக்கும் அதே 66,000.

ஆக, ஷோரூம் விலையில் வித்தியாசம் கிடையாது, இருந்தாலும் சில்லறைதான். மிச்சம் இருப்பது லைஃப் டாக்ஸ் என்று நாம் சொல்லும் வாழ்நாள் வரி. பாண்டி ஆதரவாளர்களின் ஒரே உருப்படியான ஆயுதம் அது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இதை ஏற்றினார்கள். 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதமும் அதற்கு மேல் 15 சதவீதமும்தான். 8 லட்சம் ரூபாய்க் காருக்கு 80,000 கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது 1,04,000 கட்ட வேண்டும். புதுச்சேரியில் இதைவிடக் குறைவு. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த வரி யாருக்குக் குறைவு என்பதில்தான் சண்டை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சுருக்கமானது. உரிமையாளர் குடியிருக்கும் ஊர், அல்லது அவர் தொழில் செய்து வண்டியை வழக்கமாக நிறுத்தும் ஊர், இதை வைத்துத்தான் பதிவு. எங்கே வாங்கினீர்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பாண்டி ஷோரூமில் வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பதிவு செய்தால் டி.என். 16, டி.என். 32 என்று எண் வரும், வரியும் நம் வரிதான் வரும். 'பி.ஒய்.' வேண்டும் என்றால் அங்கே உங்களுக்கு வீடு இருக்க வேண்டும், அல்லது தொழில் இருக்க வேண்டும். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்து, கார் அங்கேயே நிற்கிறது என்றால் சட்டம் உங்கள் பக்கம். அந்த வகை ஆட்கள் நம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

பேசுவது மற்றவர்களைப் பற்றி. அவர்களுக்கு நடப்பது என்ன? "அண்ணே, அட்ரஸ் நாங்க பாத்துக்கறோம்" என்கிறார் புரோக்கர். முத்தியால்பேட்டையிலோ லாசுப்பேட்டையிலோ ஒரு வீட்டின் வாடகை ஒப்பந்தம் தயாராகிறது. அந்த வீட்டுக்காரரின் முகத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தில் 'நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்' என்று இருக்கும். மயிலத்தில் உட்கார்ந்துகொண்டு அதில் கையெழுத்துப் போடுவதற்கு வேறு பெயர் கிடையாது, பொய் வாக்குமூலம்தான். அதற்குச் சம்பளமாகத்தான் உங்களுக்கு 'மிச்சம்' கிடைக்கிறது. அபராத ரசீது, நீதிமன்ற நோட்டீஸ், கம்பெனியின் திரும்ப அழைப்புக் கடிதம் எல்லாம் அந்த முகம் தெரியாதவர் வீட்டு வாசலுக்குத்தான் போய்ச் சேரும். விபத்து என்று ஒன்று நடந்து, கேஸ் என்று ஒன்று வந்தால், 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்று வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது?

இங்கே எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, "அதெல்லாம் சும்மா, எத்தனையோ பேர் ஓட்டறான், எவனையும் புடிக்கல." உண்மைதான், பல ஆண்டுகள் யாரையும் பிடிப்பதில்லை. கேரளத்திலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2017-இல் அந்த மாநிலம் திடீரென்று விழித்தது. புதுச்சேரி முகவரியில் பதிவாகி கேரளத்தில் ஓடும் சொகுசுக் கார்களின் பட்டியலை எடுத்து, அந்த முகவரிகளைத் தேடிப் போனது. மலையாளத் திரைப் பிரபலங்கள் மீதே வழக்குப் பதிவானது. நடிகரும் அப்போது மாநிலங்களவை உறுப்பினருமாக இருந்த சுரேஷ் கோபி மீதான வழக்கு, அவர் குற்றச்சாட்டை மறுத்து நீதிமன்றம் போய், ஆண்டுக்கணக்கில் நீண்டது. கோடி ரூபாய்க் கார் வைத்திருப்பவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. நெல் விற்ற காசில் வேகன் ஆர் வாங்கியவருக்கு?

கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லும் இன்னொரு சமாதானம், "வேற ஸ்டேட் வண்டிய 12 மாசம் வரைக்கும் ஓட்டலாம்" என்பது. 47-ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்கிறது அது. சரிதான். ஆனால் அது எண்ணைப் பற்றிய விதி. வரிக்கு 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் தனியாக இருக்கிறது. இந்த மாநிலத்தில் ஓடுகிற அல்லது ஓட்டுவதற்காக வைத்திருக்கிற வண்டிக்கு வரி என்பது அதன் அடிப்படை. இரண்டு சட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, '11 மாதம் ஓட்டி, ஒரு மாதம் பாண்டியில் நிறுத்தினால் கணக்கு சரி' என்று ஒருவர் என்னிடம் மெய்யாகவே விளக்கினார். வண்டி விருந்துக்குப் போய் வரும் மருமகள் மாதிரி!

சரி, சட்டத்தை விடுங்கள். யாரும் எந்நாளும் பிடிக்கவே போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். 50,000 ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 6 வருடம் கழித்து வண்டியை விற்கப் போகிறீர்கள். வாங்க வருபவர் செஞ்சிக்காரர், அல்லது மரக்காணம் பக்கத்து ஆள். எண்ணைப் பார்த்ததும் அவர் கேட்பது, "என்.ஓ.சி. எடுத்துத் தருவீங்களா? இங்க டாக்ஸ் யாரு கட்டறது?" வண்டியின் வயதுக்கேற்ப வரி குறைந்தாலும் கட்டத்தான் வேண்டும். பாண்டி அலுவலகத்தில் படிவம் 28 போட்டு என்.ஓ.சி., கடன் இருந்தால் படிவம் 35-இல் எச்.பி. கேன்சல், படிவம் 29, 30-இல் பெயர் மாற்றம், படிவம் 27-இல் புது எண். இவ்வளவுக்கும் அலைச்சல், கமிஷன். இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் அவர் விலை சொல்வார். திண்டிவனம், விழுப்புரத்தில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைகளில் ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டியை விசாரித்துப் பாருங்கள். பாண்டி வண்டிக்கு விலை குறைத்துத்தான் சொல்வார்கள். அந்தக் குறைவு முதல் உரிமையாளர் 'மிச்சம் பிடித்த' அதே 50,000-தான். இன்ஷூரன்ஸிலும் லாபம் கிடையாது. பிரீமியம் கணக்கில் சென்னை போன்ற பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்ற ஊர்கள் இன்னொரு மண்டலம். பாண்டியும் விழுப்புரமும் ஒரே மண்டலம்தான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தந்திரமாகக் கட்சி மாறும். "அப்ப செகண்ட் ஹேண்ட்ல பாண்டி வண்டி வாங்கறவனுக்கு லாபந்தானே?" மாற்றவே மாற்றாமல் ஓட்டுபவருக்கு அப்படித் தோன்றும். வெற்றுப் படிவம் 29, 30-இல் பழைய உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு, ஆர்.சி. புக்கில் இன்னொருவர் பெயரோடு ஓட்டுகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். 'ஓபன்ல இருக்கு' என்பார்கள், அது ஏதோ வசதி போல. நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இவர்கள் எல்லாரும் கேட்க வேண்டியது. கார் கைமாறி, மறுபடி கைமாறி, பலர் கைக்குப் போன பிறகு விபத்து. நஷ்ட ஈடு யார் தலையில்? எப்போதோ விற்றுவிட்டேன் என்றவர் தலையில். ஆர்.சி.யில் பெயர் அவருடையது. ஆக, விற்றவருக்கு ஆபத்து. அதனால் விவரமான விற்பவர் இனி 'ஓபன்'-இல் கொடுக்க மாட்டார். கொடுப்பவரிடம் வாங்கினால், பின்னொரு நாள் அவர் இறந்துபோயோ வெளிநாடு போயோ இருந்தால் அந்த வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற நீங்கள் படும் பாட்டை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

பழைய வண்டி விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு தனிக் கவலையும் இருக்கிறது. யாரும் அதைப் பேசுவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பாண்டியிலும் ஏறக்குறைய அவ்வளவு. தெருவில் நின்ற கார்களின் கதவுக்கு மேல் தண்ணீர் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்று நம்புகிறவர் கை தூக்குங்கள். கழுவி, சீட் கவர் மாற்றி, சாம்பிராணி வாசனை போட்டு நிறுத்தினால் வெளியில் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர் கை படாத அந்த உள்பகுதியில் செம்மண் கோடு நிற்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் பள்ளத்தில் துருவைப் பாருங்கள். முன் சீட் ஓடும் தண்டவாளத்தைத் தடவிப் பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா, தரை விரிப்பைத் தூக்கினால் அடிப்பஞ்சு ஈர நாற்றம் அடிக்கிறதா? இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அந்த வண்டிக்கு 2024 டிசம்பரில் கிளெய்ம் போனதா என்று விற்பவரை விட்டே கேட்கச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள். 'பாண்டி வண்டி, சல்லிசு' என்ற மயக்கத்தில் போகிறவர் இதில் ஒன்றையும் செய்வதில்லை. மலிவுக்கு ஒரு காரணம் அவர் மனதில் தயாராக இருப்பதால், வேறு காரணம் இருக்குமோ என்ற சந்தேகமே அவருக்கு வருவதில்லை. இந்தப் பாண்டி நம்பிக்கையின் பெரிய கேடு இதுதான் என்பேன், வரியைவிடவும்.

இரண்டாவது கேடு, காசு உண்மையில் போகும் இடத்திலிருந்து கண்ணைத் திருப்புவது. எல்லைக்கு அந்தப் பக்கம் 50,000 தேடி அலைகிறவர் இந்தப் பக்கத்தில் அதைவிட அதிகமாக விட்டுவிட்டு வருகிறார். நம் வரி அட்டவணையில் 10 லட்சம் என்ற ஒரு கோடு இருக்கிறது, பார்த்தீர்களா? சரியாக 10 லட்சத்துக்கு வரி 1,30,000. ஒரு சன்ரூஃபுக்கோ பெரிய தொடுதிரைக்கோ ஆசைப்பட்டு 10,10,000 ரூபாய் மாடலுக்குத் தாவினால் வரி 1,81,800. பத்தாயிரம் ரூபாய் ஆசைக்கு வரி மட்டும் 51,800 கூடுகிறது. சேல்ஸ்மேன் இதைச் சொல்ல மாட்டார். 'வெறும் பத்தாயிரந்தான் சார் வித்தியாசம்' என்பார்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் அறிவிப்பின்படி ஆயிரம் சி.சி. வரை 6,521 ரூபாய், 1,500 சி.சி. வரை 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதில் பேரம் கிடையாது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வித்தியாசம். ஷோரூமில் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியில் இரண்டு கம்பெனியில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். அதே ஷோரூமே இறங்கி வரும். பழைய காரை விற்றவருக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு வருவது. புதுக் காருக்கு அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களில் பாதிப்பேர் பாண்டியில் 50,000 மிச்சம் பிடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்றொரு வரி கொட்டேஷனில் இருந்தால், எந்தச் சட்டத்தில் என்று கேளுங்கள். பதில் வராது.

எல்லாவற்றுக்கும் மேல் கடன். பழைய காருக்கு நம் ஊர் ஃபைனான்ஸ்காரர் '6 பர்சன்ட்தான்' என்பார். கேட்கச் சுகமாக இருக்கும். 6 லட்சத்துக்கு, 5 வருடத்துக்கு, ஃப்ளாட் 6 சதவீதம் என்றால் வட்டி 1,80,000. மாதத் தவணை 13,000. அசல் குறையக் குறைய வட்டி குறையும் வங்கிக் கணக்கில் இது கிட்டத்தட்ட 11 சதவீதம். வங்கியில் 9 சதவீதத்துக்கு அதே 6 லட்சம் வாங்கினால் தவணை 12,455, மொத்தம் கட்டுவது 7,47,300. வித்தியாசம் 32,000-க்கும் மேல். 'டியூ கம்மியா இருக்கும்' என்று 7 வருடம் போட்டால் தவணை 9,653-ஆகக் குறையும், கட்டும் மொத்தம் 8,10,000-ஐத் தாண்டும். தவணையில் 2,800 குறைந்தது என்று சந்தோஷப்படுகிறவர் 63,000 கூடுதலாகக் கட்டுகிறார். இதற்குப் பாண்டியும் தெரியாது, திண்டிவனமும் தெரியாது.

'பேசிப் பேசி பத்தாயிரம் குறைச்சேன்' என்று பெருமைப்படுகிறவர்களோடும் எனக்கு இதே சண்டைதான், கொஞ்சம் சின்ன சண்டை. ஷோரூம்காரர் குறைத்த பத்தாயிரத்தை ஃப்ளோர் மேட், எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயிண்ட் கோட்டிங் என்று மூன்று வரியில் திரும்ப எடுத்துவிடுவார். நாமும் கைகுலுக்கிவிட்டு வருவோம்.

ஆகவே, கார் வாங்கப் போகிறவரிடம் என் வேண்டுகோள் இது. ஊர் சொல்லும் யோசனையைக் காதோரம் விட்டுவிட்டு, திண்டிவனத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று, வேண்டுமானால் பாண்டியிலும் ஒன்று என மூன்று ஷோரூமில் ஆன்ரோடு விலையை ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். உங்கள் சொந்த முகவரிப் பதிவுக்கு, தமிழ்நாட்டு வரியோடு. பழைய வண்டி என்றால் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு கடன், வரி, இன்ஷூரன்ஸ், அபராதம் நான்கையும் நீங்களே பாருங்கள். கன்சல்டிங் கடை என்றால் 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி படிவம் 29பி அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பம் போடும் நாளில்தான் கடைசித் தவணைப் பணம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸ் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.